எர்னெஸ்ட் லாரன்ஸ்

எர்னெஸ்ட் ஓர்லாண்டோ லாரன்ஸ் (ஆகஸ்ட் 8, 1901 - ஆகஸ்ட் 27, 1958) ஓர் அமெரிக்க இயற்பியலாளர் ஆவார். சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியை உருவாக்கியமைக்காக 1939 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். தெற்கு டகோட்டா மாநிலத்தின் கேன்டன் நகரில் பிறந்த இவர், 1928 இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இணைந்தார்.

1929 இல் ரோல்ஃப் விடரோ எழுதிய ஜெர்மன் கட்டுரை ஒன்று இவர் கண்ணில் பட்டது. ஜெர்மன் மொழியைச் சரளமாகப் படிக்க இயலாத லாரன்ஸ், அதிலிருந்த படங்களைக் கொண்டே கருத்தைப் பிடித்துக்கொண்டார். நேர்கோட்டில் துகள்களை முடுக்க நீண்ட குழாய் வேண்டும்; காந்தப்புலத்தில் அவற்றைச் சுழல விட்டால், சிறு மின்னழுத்தத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். இவரும் இவரது மாணவர் லிவிங்ஸ்டனும் 1931 இல் இயக்கிய, சுமார் 11 செ.மீ. விட்டமுள்ள கருவி, 1,800 வோல்ட்டைக் கொண்டு ஐதரசன் அயனிகளுக்கு 80,000 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை அளித்தது.

கருவிகளைப் பெரிதாக்குவதில் இருந்த வேகம் அளவீடுகளில் இருக்கவில்லை எனலாம். செயற்கைக் கதிரியக்கம் இவரது ஆய்வகத்திலேயே நிகழ்ந்துகொண்டிருந்தது. ஆயினும் கைகர் எண்ணியும் சைக்ளோட்ரானும் ஒரே சுவிட்சில் இணைக்கப்பட்டிருந்ததால், முடுக்கி நின்றதும் எண்ணியும் நின்றுவிட்டது. 1934 இல் அதைக் கண்டறிந்த பெருமை பாரிசின் ஜோலியோ-கியூரி இணையரைச் சேர்ந்தது.

சைக்ளோட்ரானில் உண்டாக்கப்பட்ட பாஸ்பரஸ்-32 ஐ, இவரது தம்பியும் மருத்துவருமான ஜான், 1930களின் பிற்பகுதியில் இரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துச் சிகிச்சை செய்தார். இதே நுட்பம் போருக்கும் பயன்பட்டது. இவர் வடிவமைத்த கலுட்ரான் கருவிகள் ஓக் ரிட்ஜில் பிரித்தெடுத்த யுரேனியம்-235, 1945 இல் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட குண்டில் இடம்பெற்றது.

1958 இல், அணுச் சோதனைத் தடை தொடர்பான ஜெனீவாப் பேச்சுவார்த்தையின்போது நோயுற்று நாடு திரும்பிய லாரன்ஸ், பாலோ ஆல்ட்டோவில் காலமானார். 1961 இல் பெர்க்லியில் உருவாக்கப்பட்ட 103 ஆவது தனிமத்துக்கு லாரன்சியம் எனப் பெயரிடப்பட்டது.