செவ்வன் வளையியும் மகலனோபிசரும்

யான் கணிதம் வல்லேனல்லேன். தமிழ் கற்பித்தலே என் தொழில். ஆயினும், நம் மாணாக்கர் நிகழ்தகவுக் கணக்குச் செய்யுங்கால், பெறுமானத்தினின்று இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, அட்டவணையை நோக்கி விடை எழுதுவதோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வித்தையை வயலுக்கும் ஆற்றுக்கும் கொண்டுசென்ற பெரியார் பிரசாந்த சந்திர மகலனோபிசரை அவர்கள் அறிதல் வேண்டும்.

கல்கத்தாவில் 1893 யூன் 29இல் பிறந்த இவர், 1913இல் கேம்பிரிட்சு சென்று பௌதிகம் பயின்றார். அடுத்த ஆண்டு ஆங்கு வந்த நம் இராமானுசனுக்கு நண்பரானார். குளிரால் உறக்கமின்றி வருந்திய இராமானுசன், கட்டிலிற் பரப்பிய கம்பளங்களின் மேலேயே படுத்திருந்ததைக் கண்டு, அவற்றை விலக்கி உள்ளே புகுந்து உறங்கும் முறையைக் காட்டிக் கொடுத்தவர் இவரே. 1915இல் ஊர் திரும்புங் கப்பலில் 'பயோமெட்றிக்கா' என்னும் ஆய்விதழின் தொகுதிகளைப் படித்தார். பௌதிக ஆசிரியர் புள்ளிவிபர அறிஞரானது அக்கடற்பயணத்தாலாம்.

செவ்வன் வளையி யாது? மண்கும்பான் என்னும் எம்மூர்ப் பெயரே மணற்குவியலை நினைப்பிப்பது. நடுவில் உயர்ந்து இருமருங்கும் ஒப்பச் சரியும் குவியலொன்றை மனத்திற் கொள்க. இடைக்கு இருபாலும் ஒரு நியம விலகலுக்குள் நூற்றுக்கு 68 பங்கும், இரண்டனுள் 95 பங்கும் அடங்கும். பனந்தோப்பொன்றின் சராசரி உயரம் 60 அடி, நியம விலகல் 8 அடி எனக் கொண்டால், 76 அடியை விஞ்சும் பனை நூற்றுக்கு இரண்டே தேறும். 'செவ்வன்' என்னும் பழஞ்சொல்லை இதற்கு இட்ட இலங்கைக் கலைச்சொல்லாளர் பாராட்டுக்குரியர்.

ஒரிசாவில் 1926இல் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்துக என்றனர் பொறியியலார். மகலனோபிசரோ ஏறத்தாழ அறுபதாண்டுக் கணக்குகளை ஆராய்ந்து, படுகை உயரவில்லை, மேல்நிலத்து மிகுமழையே காரணம் என நிறுவினார். கரையை உயர்த்துவதை விடுத்து மேலே நீரைத் தேக்கும் அணை வேண்டும் என்றார்.

1931இல் இந்தியப் புள்ளியியற் கழகத்தைத் தொடங்கினார். 1937 முதல் வங்கத்துச் சணற்பயிரை அளக்கும் பணி வந்தது. வயல்தோறும் எண்ணப் பெரும்படை வேண்டும், பொருளும் மிகும். அவர் சீட்டுக் குலுக்கியதுபோற் சில வயல்களையே தெரிந்து அளந்தார். அத்தகைய மாதிரிகளின் சராசரிகள் செவ்வன் வளையியைத் தழுவி நிற்கும். ஆதலின் விடையோடு அதன் பிழையெல்லையையுங் கூறலாம். மாதிரியை நான்மடங்காக்கினால் பிழை பாதியாகும். இதனால் எத்துணை வயல் போதும் என்பதை முன்னரே கணிக்கலாம்.

ஆனால் வளையி தற்செயற் பிழையையே அறியும். வயலை மிதியாமல் மரநிழலிலிருந்து எண் எழுதும் ஊழியனை அது எங்ஙனம் அறியும்? இங்கேதான் மகலனோபிசரின் தனித்திறன் விளங்குகின்றது. ஒரே நிலப்பரப்புக்கு, ஒருவரையொருவர் சாராத இரு குழுவினரை, வெவ்வேறு மாதிரிகளோடு ஏவினார். இரு விடைகளின் வேறுபாடு வளையி இசையும் எல்லைக்குள் நின்றால் நன்று. அதனை விஞ்சினால் எங்கோ கவனமோ நேர்மையோ தவறியிருத்தல் வேண்டும். கணிதத்தைக் கொண்டு மனிதரின் கைம்மையை நிறுத்த இத்தராசினை யான் அவருடைய ஏனைய புகழ்களினும் மேலாக மதிக்கின்றேன்.

1936இல் அவர் வகுத்த தொலைவளவை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் அவர் வரைந்ததே. அது கனரகத் தொழிலை உயர்த்தி உழவைப் பின்தள்ளியதென்னும் குறை பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

1933இல் தாம் தொடங்கிய ஆய்விதழுக்குச் 'சாங்கியா' எனப் பெயரிட்டார். எண்ணையும் பகுத்தறியும் அறிவையும் ஒருங்கே சுட்டும் வடசொல் அது. தமிழிலும் எண் என்பது தொகையுமாம், எண்ணமுமாம். இதனை அவரிடம் இராமானுசன் கூறியிருப்பாரோ என அவாவுகின்றது என் பண்டித உள்ளம்.

1972 யூன் 28இல், எழுபத்தொன்பது நிறைதற்கு ஒருநாள் முன்னர், மறைந்தார். அன்றுவரை கழகத்தின் தலைமைப் பணியை விட்டாரல்லர்.