உலக வீரரைத் தோற்கடித்த சுல்தான்கான்

இந்தியாவில் இருந்து கப்பலேறிப் போய், இங்கிலாந்து நாட்டின் செஸ் பட்டத்தை 3 தடவை வென்றவர் ஒருவர் உண்டு. உலக சாம்பியனாக இருந்த ஒருவரையே அவர் தோற்கடித்தார். பிறகு ஊருக்குத் திரும்பினார். நிலபுலனைப் பார்த்துக்கொண்டு, ஓசைப்படாமல் வாழ்ந்து மறைந்தார்.

அவர் பெயர் மீர் சுல்தான்கான்.

தந்தை கற்றுக் கொடுத்த ஆட்டம்

1903-ம் ஆண்டு வாக்கில், பஞ்சாபில் உள்ள மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

9 வயதில் தந்தை அவருக்கு சதுரங்கம் கற்றுக் கொடுத்தார். அது இப்போது நாம் ஆடும் செஸ் அல்ல. பழைய இந்திய ஆட்டம்.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. கிழக்கே சீனா, ஜப்பான் வரை அந்தக் குடும்பத்து ஆட்டங்கள் உண்டு. போன இடத்தில் எல்லாம் விதிகள் மாறின. ஜப்பானில் 144 கட்டங்களில், ஆளுக்கு 46 காய்களை வைத்து ஆடும் பெரிய ஆட்டம்கூட இருக்கிறது.

ஐரோப்பியர்களும் விதிகளை மாற்றினார்கள். சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம் என்றார்கள். ராஜாவும் யானையும் ஒரே சமயத்தில் இடம் மாறி, ராஜா பத்திரமான மூலைக்குப் போய்விடும் வழியும் அங்கே உண்டாயிற்று.

சுல்தான்கான் கற்ற ஆட்டத்தில் இவை இல்லை. சிப்பாய் ஒவ்வொரு கட்டமாகத்தான் நகரும். ராஜா ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். எதிரியின் கடைசிக் கட்டத்தை அடையும் சிப்பாய், நினைத்தபடி ராணி ஆகிவிட முடியாது. அந்தக் கட்டம் ஆரம்பத்தில் எந்தக் காய்க்கு உரியதோ, அந்தக் காயாகத்தான் மாறும்.

இதனால் ஆட்டம் மெதுவாக நடக்கும். படைகள் மோதிக்கொள்ளவே வெகுநேரம் ஆகும். அவசரப்பட்டுப் பாய்கிறவர் தோற்பார். காய்களை நல்ல இடங்களில் நிறுத்தி, எதிரியின் பலவீனம் தெரியும்வரை காத்திருப்பவர் ஜெயிப்பார்.

அந்தப் பொறுமையைச் சிறு வயதிலேயே சுல்தான்கான் கற்றுக்கொண்டார். 21 வயதில் பஞ்சாபிலேயே சிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

லண்டனுக்குப் பயணம்

சர் உமர் ஹயாத்கான் என்பவர் பஞ்சாபின் பெரிய நிலச்சுவான்தார். சதுரங்கத்தில் பிரியம் உள்ளவர். அவர் சுல்தான்கானைத் தம்மிடம் வைத்து ஆதரித்தார். ஐரோப்பிய விதிகளைக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்.

1928-ம் ஆண்டு டெல்லியில் அகில இந்தியப் போட்டி நடந்தது. சுல்தான்கான் 9 ஆட்டங்கள் ஆடினார். எட்டில் வெற்றி. ஒன்று சமம். தோல்வியே இல்லை!

மறு ஆண்டு உமர் ஹயாத்கான் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே முதலில் பயிற்சிக்காக ஒரு பந்தயம் நடந்தது. அதில் சுல்தான்கான் கடைசி இடத்துக்குப் போய்விட்டார்.

காரணம் இதுதான்: ஐரோப்பிய வீரர்கள் ஆட்டத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று புத்தகங்களைப் படித்து, நகர்த்தல்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சுல்தான்கானுக்கு அந்தப் படிப்பு இல்லை.

ஆனால் சில வாரங்களிலேயே நிலைமை மாறியது. ராம்ஸ்கேட் நகரில் இங்கிலாந்து சாம்பியன் போட்டி நடந்தது. பட்டத்தை வென்றவர் சுல்தான்கான்!

தொடக்கத்தில் அவர் தடுமாறுவார். ஆட்டம் நடுக் கட்டத்துக்கு வந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது. புத்தகத்தில் படித்த நகர்த்தல்கள் அங்கே தீர்ந்துவிடும். அதற்குமேல் சொந்த மூளைதான் வேலை செய்ய வேண்டும்.

ராணியைக் கொடுத்து வென்றார்

1930-ம் ஆண்டு முடிவில் ஹேஸ்டிங்ஸ் நகரில் பெரிய பந்தயம் ஆரம்பமானது. அங்கே சுல்தான்கானின் எதிரே உட்கார்ந்தவர் காபபிளாங்கா. கியூபா நாட்டுக்காரர். 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். 1916 முதல் 1924 வரை 8 ஆண்டுகள் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காதவர்.

காபபிளாங்காவின் இரண்டு யானைகளும் சுல்தான்கானின் எல்லைக்குள் புகுந்தன. சுல்தான்கான் கலங்கவில்லை. தம் ராணியைக் கொடுத்து, அந்த இரண்டு யானைகளையும் வாங்கிவிட்டார்.

எதிரியிடம் ராணி இருந்தது. ஆனால் துணையின்றித் தனியாக அலைந்தது. சுல்தான்கான் தம் ராஜாவைப் பத்திரமான இடத்துக்கு நடத்திச் சென்றார். பிறகு மெல்ல மெல்ல நெருக்கினார். 65-வது நகர்த்தலில் காபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

தந்தை கற்றுக் கொடுத்த பொறுமைதான் அங்கே ஜெயித்தது.

1931-ம் ஆண்டு டார்டகோவர் என்ற பெரிய வீரரை நேர் போட்டியில் வென்றார். அதே ஆண்டு பிராகா நகரில் நடந்த ஒலிம்பியாடில் இங்கிலாந்து கோஷ்டிக்கு முதல் ஆட்டக்காரர் சுல்தான்கான்தான். ருபின்ஸ்டீன், புளோர் ஆகிய இருவரையும் அங்கே தோற்கடித்தார். அப்போதைய உலக சாம்பியன் அலெகினுடன் சமம் செய்தார்.

இங்கிலாந்தின் குளிர் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடிக்கடி ஜலதோஷம், தொண்டை வலி. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு ஆடிய நாட்களும் உண்டு. ஆனாலும் 1932, 1933 ஆண்டுகளில் மறுபடி பட்டம் வென்றார்.

1933-ல் பெண்கள் பட்டத்தை வென்ற பாத்திமாவும் உமர் ஹயாத்கான் வீட்டில் இருந்து வந்தவரே.

சுல்தான்கானை வேலைக்காரர் என்று அங்கே பலர் எழுதினார்கள். அவர் குடும்பத்தார் அதை மறுக்கிறார்கள். செஸ் ஆடுவதற்காகவே அவர் அழைத்துச் செல்லப்பட்டார் என்பது அவர்கள் கூறும் விளக்கம்.

நின்றுபோன ஆட்டம்

எப்படி இருந்தாலும், பயணச் செலவு இன்னொருவர் கையில் இருந்தது. 1933-ம் ஆண்டு கடைசியில் உமர் ஹயாத்கான் இந்தியாவுக்குத் திரும்பினார். சுல்தான்கானும் திரும்பினார். அத்துடன் உலகப் பந்தயங்கள் முடிந்துவிட்டன. அப்போது அவருக்கு 30 வயதுதான் இருக்கும்.

1935-ல் காடில்கர் என்பவருடன் 10 ஆட்டங்கள் ஆடினார். ஒன்று மட்டும் சமம். மற்ற ஒன்பதிலும் வெற்றி. அதன்பின் அவர் ஆட்டத்தை உலகம் பார்க்கவில்லை.

1950-ம் ஆண்டு உலக செஸ் சம்மேளனம் 27 பேருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. ருபின்ஸ்டீனுக்குக் கிடைத்தது. புளோருக்குக் கிடைத்தது. டார்டகோவருக்கும் கிடைத்தது. இந்த மூவரையும் வென்ற சுல்தான்கான் பெயர் அதில் இல்லை!

பிள்ளைகளுக்கு அவர் செஸ் கற்றுக் கொடுக்கவில்லை. வாழ்க்கைக்கு உதவும் காரியத்தைப் பாருங்கள் என்று புத்தி சொன்னாராம்.

1966-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி காசநோயால் காலமானார்.

58 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில், சம்மேளனம் அவருக்கு கவுரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது.

அதே 2024-ம் ஆண்டு டிசம்பரில், சென்னைப் பையன் குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். வயது 18. அம்பத்தூரை அடுத்த மேல் அயனம்பாக்கத்தில் உள்ள வேலம்மாள் பள்ளியில் படித்தவர். 7 வயதில் ஆட்டத்தைத் தொடங்கியவர்.

குகேஷுக்குப் பெற்றோர் துணை இருந்தது. பள்ளிக்கூடம் இருந்தது. பயிற்சி ஆசிரியர்கள் இருந்தார்கள். சுல்தான்கானுக்குக் கிடைத்தது 5 ஆண்டுகள் மட்டுமே. அந்த 5 ஆண்டில் அவர் ஐரோப்பாவையே வென்று காட்டினார்.

திறமை எந்தக் கிராமத்திலும் பிறக்கும். அது வளர்வதற்கு, நடுவில் கைவிடாத துணை வேண்டும்.