எம்.ஜி.ஆர். சமாதியில் வாட்ச் இன்னும் ஓடுதா? காது வைத்துக் கேட்பவர்களுக்குக் கேட்பது என்ன?

ஆந்திர எல்லையோரம், திருத்தணிக்குப் பக்கத்தில் இருக்கும் நெசவு ஊர் அம்மையார்குப்பம். அங்கிருந்து வந்தாலும் சரி, கன்னியாகுமரியிலிருந்து வந்தாலும் சரி, மெட்ராஸ் பார்க்க வருகிறவர்கள் மெரினாவில் செய்கிற ஒரு காரியம் உண்டு. எம்.ஜி.ஆர். சமாதியின் கல்மேடையில் குனிந்து காதை ஒட்ட வைப்பது. உள்ளே அவர் கையில் கட்டியிருக்கும் வாட்ச் இன்னும் டிக் டிக் என்று ஓடுகிறதாம். சிலர் கேட்டதாகச் சத்தியம் செய்வார்கள். சிலர் சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள்.

வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மணிக்கட்டில் வாட்ச். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவில் வரும் உருவம் இதுதான். அந்த வாட்ச்சோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அது ஓடுமா, ஓடாதா என்பதைப் பார்க்கும் முன் அந்தக் கைக்கு உரியவரின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

1917 ஜனவரி 17. இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்தார் ராமச்சந்திரன். தந்தை கோபால மேனன் சீக்கிரமே இறந்துவிட, தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். வீட்டில் பசி. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நாடகத்துக்குச் சேர்ந்தார்கள். கலை ஆசையைவிட சோறு கிடைக்கும் என்பதுதான் காரணம். நாடகக் கம்பெனி வாழ்க்கை என்றால் எழுவது, பாடம் கேட்பது, ஒத்திகை, சாப்பாடு எல்லாமே வாத்தியார் சொல்லும் நேரத்துக்குத்தான். கடிகாரம் கட்டும் வசதி வருவதற்கு ரொம்ப வருஷம் முன்பே, நேரத்துக்குக் கட்டுப்பட்டு வாழப் பழகியாயிற்று.

1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி'யில் சின்ன வேடம். கதாநாயகன் ஆனது 1947-இல் 'ராஜகுமாரி'யில். நடுவில் பதினோரு வருடக் காத்திருப்பு. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: 1958-இல் சொந்தமாகத் தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்', 1967-இல் எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் குண்டுக்காயம், 1972-இல் புதுக்கட்சி, 1977-இல் முதலமைச்சர் நாற்காலி.

வாட்ச் கதைக்கு முக்கியமான வருடம் 1970. 'உலகம் சுற்றும் வாலிபன்' படப்பிடிப்புக்காக எம்.ஜி.ஆர். ஜப்பான் போனார். ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70 கண்காட்சியே படத்துக்கு செட். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1969 டிசம்பர் 25 அன்று, டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்திருந்தது. விலை 4,50,000 யென். அன்றைக்கு ஒரு கார் வாங்கும் காசு. சாவி கொடுக்க வேண்டாம். உள்ளே ஒரு படிகத் துண்டு மின்சாரத்தில் அதிர்ந்து நேரம் காட்டும். மின்னலின் சக்தியைச் சேமிக்கும் விஞ்ஞானியைப் பற்றிய படம் எடுக்கப் போனவருக்குப் பொருத்தமான ஊர்தான்.

அப்போது தமிழ்நாட்டில் நடுத்தரக் குடும்பத்து வாட்ச் என்றால் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு பெங்களூரில் 1961-இல் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை. தினமும் சாவி கொடுத்தால் முப்பது வருஷம் உழைக்கும். கீறல் விழாத ராடோ வேண்டுமென்றால் யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கி வர வேண்டும், இல்லாவிட்டால் பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். உறுதியான வாட்ச் என்பது வாங்குகிற பொருள் இல்லை, கிடைக்கிற பாக்கியம்.

இது மாறியது எம்.ஜி.ஆர். ஆட்சியில். 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டு சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. பெயரிலேயே இரண்டும் இருக்கிறது: டாடா இண்டஸ்ட்ரீஸின் டி.ஐ., தமிழ்நாட்டின் டி.ஏ.என். தொழிற்சாலை ஓசூரில். எச்.எம்.டி. பெரும்பாலும் சாவி வாட்ச்சையே நம்பியிருந்த நேரத்தில், இவர்கள் குவார்ட்ஸில் துணிந்து இறங்கினார்கள். சத்துணவைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. ஆனால் டிட்கோ இன்றைக்கும் டைட்டனின் பெரிய பங்குதாரர்; அரசு செய்த முதலீடுகளில் இது மாதிரி பலன் தந்தவை குறைவு.

அதே 1984-இல்தான் அவர் உடல் நொடித்தது. சென்னை அப்போலோ, பிறகு அமெரிக்காவின் புரூக்ளினில் சிறுநீரக மாற்று. ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பியபோது பேச்சு தடுமாறியது. டைட்டன் கடைக்கு வந்தது 1987-இல். அந்த வருடம் டிசம்பர் 24 அதிகாலை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். இறந்தார். மறுநாள் மெரினாவில் அடக்கம். தேதி டிசம்பர் 25. சீக்கோவின் அந்தக் குவார்ட்ஸ் வாட்ச் வெளியாகிச் சரியாகப் பதினெட்டு வருடம்.

சரி, அந்த வாட்ச் எப்போது நின்றிருக்கும்?

சாவி வாட்ச் ஆக இருந்தால், முழுச் சாவி கொடுத்திருந்தாலும் சுமார் 40 மணி நேரம். ஆட்டோமேட்டிக் என்றாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கை அசைந்தால்தான் அதற்குச் சாவி ஏறும். ஆக, டிசம்பர் 27 விடிவதற்குள் நின்றிருக்கும். குவார்ட்ஸ் என்றால் சாதாரண பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம், 1990 வாக்கில் கதை முடிந்திருக்கும். பத்து வருட பேட்டரி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 1997-ஐத் தாண்டாது. இதெல்லாம் வாட்ச்சுக்குள் ஈரம் போகாமல் இருந்தால். தண்ணீர் புகாமல் காப்பது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம். அது சில வருடங்களில் இறுகி வெடித்துவிடும். அதனால்தான் கடலில் குளிக்கிறவர்கள் அந்த வளையத்தை அவ்வப்போது மாற்றச் சொல்கிறார்கள். மெரினா உப்பு ஈரத்தில் எந்த வாட்ச்சும் ரொம்ப நாள் தாங்காது.

இன்னொரு தடயம் சத்தத்திலேயே இருக்கிறது. சாவி வாட்ச் நொடிக்கு ஐந்து முதல் எட்டு முறை அடிக்கும். காதில் வைத்தால் படபடவென்று கேட்கும். சமாதியில் கேட்டதாகச் சொல்பவர்கள் சொல்வதோ நிதானமான டிக், டிக். நொடிக்கு ஒன்று. குவார்ட்ஸ் முள் அப்படித்தான் நகரும். நம்முடைய நாடியும் ஏறக்குறைய அப்படித்தான், நிமிடத்துக்கு எழுபது எழுபத்தைந்து. காதைக் கெட்டியான கல்லில் அழுத்தினால் வெளிச்சத்தம் அடைபட்டு, காதோரம் ஓடும் சொந்த ரத்தத்தின் துடிப்பே பெரிதாகக் கேட்கும்.

சந்தேகம் இருந்தால் வீட்டில் சமையல் மேடைக் கல்லில் காதை அழுத்திப் பாருங்கள். மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு இன்னொரு தரம் வையுங்கள். வாட்ச் வேகமாக ஓடும்.