வைரத்தை ஒளிர வைத்த குரூக்ஸ்

லண்டன் மாநகரில் ஒரு தையற்காரரின் மகனாக 1832-ம் ஆண்டு பிறந்தார் வில்லியம் குரூக்ஸ். கத்தரிக்கோல் பிடிக்க வேண்டிய கை, ரசாயனக் குப்பியைப் பிடித்தது. வீட்டிலேயே ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக் கொண்டார்.

பச்சைக் கோடு

1861-ம் ஆண்டில், கந்தக அமிலத் தொழிற்சாலையின் கசடு ஒன்றைத் தீயில் காட்டி, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தார். அதுவரை யாரும் கண்டிராத ஒரு பச்சைக் கோடு பளிச்சிட்டது. அது ஒரு புதிய தனிமம்! பச்சைத் தளிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குத் தாலியம் என்று பெயரிட்டார். பொருள் இன்னதென்று ஒளியே காட்டிக் கொடுத்தது.

குழாய்க்குள் வைரம்

பிறகு கண்ணாடிக் குழாயில் இருந்த காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டு, மின்சாரம் செலுத்தினார். எதிர்மின் தகட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் பாய்ந்தது. அதன் வழியில் வைரத்தை வைத்தார், பச்சையாக ஒளிர்ந்தது. மாணிக்கத்தை வைத்தார், தணல்போல் சிவந்தது. 1879-ல் ஷெபீல்டு நகரில் கூடிய சபையில் இந்த அதிசயத்தை விளக்கினார்.

அந்தக் கதிர் எது? அலை என்றார்கள் ஜெர்மன் விஞ்ஞானிகள் பலர். மின்னேற்றம் பெற்ற வாயுத் துகள்கள் என்றார் குரூக்ஸ். 1897-ல் தாம்சன் உண்மையைக் கண்டார்: அவை வாயுவைவிட மிகமிக இலேசான எலெக்ட்ரான்கள். துகள் என்றது சரி. எந்தத் துகள் என்பதில்தான் குரூக்ஸ் தவறினார்.

ஆவிகளோடு பேசுவதாகச் சொன்னவர்களை நம்பியதால், அவர் ஏளனத்துக்கும் ஆளானார். ஆயினும் 1913-ல் ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. 1919-ல் காலமானார்.

இன்றும் அந்த ஒளி

அவர் கண்ட ஒளி அணையவில்லை. இன்றைய எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதே எலெக்ட்ரான்களை ஊசிமுனையினும் நுண்ணியதாகக் குவிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். சில நூறு நானோமீட்டரே பருமன் உள்ள கம்பியின் மீது கதிரைப் பாய்ச்சினால், அதுவும் ஒளிர்கிறது.

ஆனால் அந்த ஒளி மிக மங்கலானது, நாலாபுறமும் சிதறிவிடும். ஆகவே, கிண்ணம்போல் குழிந்த பளபளப்பான உலோக ஆடியை அதன்மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். ஆடியிலுள்ள சிறு துளை வழியே கதிர் இறங்குகிறது. எழும் ஒளியை ஆடி திரட்டி வெளியே அனுப்புகிறது. அங்கே ஒரு கருவி நிறம் பிரித்து அளக்கிறது. விளக்குகளுக்கான படிகத்தில் குறையுள்ள இடம் கரும்புள்ளியாகத் தெரிந்துவிடுகிறது.

1861-ல் பச்சைக் கோட்டைக் காட்டிய வழியே இது. பொருளை ஒளிரச் செய். அதன் நிறத்தைப் பிரித்துப் பார். கசடுக்குப் பலித்த முறை, கண்ணுக்கே தெரியாத கம்பிக்கும் பலிக்கிறது.