சாணி உருண்டைக்குள் ஒரு ரகசியம்!

சாணி வண்டைப் பார்த்திருக்கிறீர்களா? மாடு சாணம் போட்ட கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ பறந்து வந்துவிடும். சில வகை வண்டுகள் சாணத்தை வெட்டி எடுத்து, அழகாக உருண்டை பிடிக்கும். பிறகு தலையைக் கீழே ஊன்றி, பின்னங்கால்களால் அந்த உருண்டையைப் பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போகும்.

நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போய்விடுவோம். ஆனால், இந்த வண்டுகளின் அருகில் மணிக்கணக்காகக் காத்திருந்து பார்த்த ஒருவர் இருந்தார். அவர்தான் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற பூச்சி ஆராய்ச்சியாளர் ழான் ஹென்றி ஃபாபர்.

எலுமிச்சம்பழம் விற்ற சிறுவன்

ஃபாபர் 1823-ம் ஆண்டு டிசம்பர் மாதம், தெற்கு பிரான்சில் உள்ள சேன் லியோன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதில் சில காலம் தாத்தா, பாட்டியின் பண்ணை வீட்டில் வளர்ந்தார். அங்கே அவருக்கு விளையாட்டுத் தோழர்கள் பூச்சிகளும் வண்டுகளும்தான்.

வறுமையால் படிப்பு நடுவில் நின்றது. வயிற்றுப் பாட்டுக்காகச் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். ரயில் பாதை போடும் இடத்தில் கூலி வேலையும் செய்தார். அப்போதும் படிக்கும் ஆசை மட்டும் போகவில்லை. தேர்வு எழுதி, உதவித்தொகை பெற்று, அவிஞோன் நகரத்தில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தார். 1842-ல் ஆசிரியர் ஆனார். கணிதமும் இயற்பியலும் பெரும்பாலும் தானாகவே படித்துப் பட்டம் வாங்கினார். 1855-ல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அடுத்தடுத்து சோதனைகள்

அவிஞோனில் வேலை பார்த்தபோது, பெண்களும் வந்து கேட்கும்படி அறிவியல் வகுப்புகள் நடத்தினார். ஒரு பூவில் மகரந்தம் சேர்ந்து எப்படிக் காய் உண்டாகிறது என்று அவர் விளக்கினார். இன்று உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும் விஷயம்தான். ஆனால், அந்தக் காலத்தில் பெண்களுக்கு இதைச் சொல்லலாமா என்று சிலர் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் ஃபாபர் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

கையில் பணமில்லை. இங்கிலாந்து நாட்டு அறிஞரும் அவருடைய நண்பருமான ஜான் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்து உதவினார். ஃபாபர் இரவு பகலாகப் பள்ளிப் புத்தகங்கள் எழுதி, கடனை அடைத்தார்.

அடுத்த அடி இன்னும் பலமாக விழுந்தது. பூச்சி தேடுவதில் அவருக்குத் துணையாக இருந்த மகன் ஜூல் 1877-ல் இறந்துபோனான். மனம் உடைந்த ஃபாபர், தான் கண்டறிந்த மூன்று குளவி வகைகளுக்கு மகனின் பெயரையே வைத்தார்.

கல்லும் முள்ளும் நிறைந்த சொர்க்கம்

1879-ல், தன் 55-வது வயதில், செரிஞான் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டையும் அதை ஒட்டிய தரிசு நிலத்தையும் வாங்கினார். வெறும் கல்லும் முள்ளும்தான். விவசாயிகளுக்கு உதவாத பூமி. ஆனால், பூச்சிகளுக்கு அது சொர்க்கம்! ஃபாபருக்கும்தான்! அதே ஆண்டில் பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூலின் முதல் பாகம் வெளிவந்தது. அதன் முதல் கதாநாயகன் யார் தெரியுமா? நம்ம சாணி வண்டுதான்!

உருண்டையை உருட்ட முடியாமல் வண்டு தவித்தால், மற்ற வண்டுகள் ஓடி வந்து உதவும் என்று அப்போது புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். ஃபாபர் அதை அப்படியே நம்பவில்லை. உருண்டையின் நடுவில் ஒரு நீளமான ஊசியைக் குத்தித் தரையோடு நிறுத்தினார். வண்டு முட்டி மோதிப் பார்த்தது. உதவிக்கு எந்த வண்டையும் அது அழைத்து வரவில்லை. உதவ வருவதுபோல ஒட்டிக்கொள்ளும் வண்டு, பல சமயம் உருண்டையைத் திருடவே வந்திருக்கிறது என்பதையும் ஃபாபர் பார்த்தார்.

வண்டு உணவு உண்பதையும் கடிகாரத்தோடு கவனித்தார். ஒரு வண்டு 12 மணி நேரம் நிறுத்தாமல் சாப்பிட்டது. பின்பக்கம் அது வெளியேற்றிய கழிவு நூல்போல நீண்டது. அளந்து பார்த்தால், கிட்டத்தட்ட 3 மீட்டர்!

முட்டை எங்கே?

ஆனால், ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. வண்டு எங்கே முட்டையிடுகிறது? உருட்டிச் செல்லும் உருண்டைக்குள்தான் முட்டை இருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஃபாபர் எத்தனையோ உருண்டைகளை உடைத்துப் பார்த்தார். ஒன்றிலும் முட்டை இல்லை. அவை வண்டின் சாப்பாடு மட்டுமே! வருடங்கள் ஓடின. ஃபாபர் விடவில்லை.

ஆடு மேய்க்கும் ஓர் இளைஞனிடம், வண்டுகளைக் கவனித்து வரச் சொல்லியிருந்தார். ஒரு ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை அவன் ஓடோடி வந்தான். அவன் கையில் சின்னப் பேரிக்காய் போல ஒரு பொருள்! மண்ணுக்கு அடியில் கிடைத்ததாம். மறுநாள் விடியற்காலையில் இருவரும் போய்த் தோண்டினார்கள். மண்ணறைக்குள் இன்னொரு பேரிக்காய், பக்கத்திலேயே தாய் வண்டு!

அந்தச் சாணப் பேரிக்காய் சுமார் நாலரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் கழுத்துப் பகுதியில், சின்ன அறைக்குள் முட்டை பத்திரமாக இருந்தது. அங்கே சுவர் மெல்லியது என்பதால் காற்று உள்ளே போகும். உருண்டையான அடிப்பகுதி குஞ்சுப் புழுவுக்கான சாப்பாடு. வெளி ஓடு இறுகிக் கெட்டியாக இருப்பதால், கோடை வெயிலிலும் உள்ளே சாணம் காயாது. எவ்வளவு புத்திசாலித்தனமான வீடு, பாருங்கள்!

புழு வளர்ந்து வண்டானதும் எப்படி வெளியே வரும்? அதற்குள் ஓடு கல்லாகிவிடுமே! ஃபாபர் சில ஓடுகளை ஈரப்படுத்தினார், சிலவற்றைக் காயவிட்டார். ஈரமானவற்றை உடைத்துக்கொண்டு வண்டுகள் வந்தன. காய்ந்தவற்றுக்குள் இருந்தவை செத்துப்போயின. மழைக்காகத்தான் அவை காத்திருக்கின்றன என்பது புரிந்தது.

முதல் பாகத்தில் முடியாமல் விட்ட இந்தக் கதையை, 1897-ல் வெளிவந்த ஐந்தாம் பாகத்தில்தான் ஃபாபர் முடித்தார். இடையில் 18 ஆண்டுகள்! 1907-ல் பத்தாம் பாகமும் வந்தது. 1915-ல், தன் 91-வது வயதில் அவர் மறைந்தார். அவருடைய வீடும் தோட்டமும் இப்போது அருங்காட்சியகம்.

அடுத்த முறை சாணி வண்டைக் கண்டால் ஓடிவிடாதீர்கள் நண்பர்களே. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். யாரும் இதுவரை கேட்காத ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றலாம்!