கைதவறி உடைந்த கல். சிறையிலும் படிகம் அடுக்கிய பாதிரியார்: யார் இந்த ரெனே அயூயி?

மெக்சிகோவின் நைக்கா சுரங்கத்தில், சுமார் 300 மீட்டர் ஆழத்தில் ஒரு குகை. 2000-ம் ஆண்டு சுரங்கத் தொழிலாளர்கள் கண்ணில் பட்டது. உள்ளே 11 மீட்டர் நீள ஜிப்சம் படிகங்கள், தென்னைமரத்தை வெட்டிச் சாய்த்ததுபோல குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன. போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. யாரும் செதுக்காமலே விளிம்பு எப்படி இவ்வளவு நேரா வந்துச்சு?

இதற்கு வழிகாட்டியவர் 200 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பெயர் ரெனே ஜுஸ்ட் அயூயி. 1743-ல் பிரான்ஸில் ஓர் ஏழை நெசவாளிக்குப் பிறந்தவர். படித்துப் பாதிரியாராகி, பாரிஸில் கல்லூரி ஆசிரியரானார். முதலில் ஆர்வம் செடிகொடிகள் மேல்தான்.

ஒருநாள் நண்பர் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த கால்சைட் படிகம் கைதவறி விழுந்து உடைந்தது. நாமா இருந்தா மன்னிப்பு கேட்டுட்டு நழுவியிருப்போம். அவர் துண்டுகளைக் கவனித்தார். படிகத்தின் வெளித்தோற்றம் ஆறுபக்கத் தூண்; துண்டோ பக்கவாட்டில் சாய்ந்த கனசதுரம் மாதிரி. வீட்டுக்குப் போய்த் தன்னிடமிருந்த கால்சைட்டுகளையும் உடைத்தார். வெளியே என்ன வடிவம் இருந்தாலும், உள்ளே அதே சாய்ந்த கட்டிதான்!

அப்படியென்றால் படிகம் என்பது ஒரே மாதிரியான நுண்ணிய கட்டிகளின் அடுக்கு. செங்கல் அடுக்கும்போது வரிசைக்கு ஒரு கல் குறைச்சுக்கிட்டே போனா சரிவு கிடைக்கும் இல்லையா? கட்டிகள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவை என்பதால், அந்தப் படிக்கட்டு நமக்கு வழவழப்பான முகமாகத் தெரிகிறது. 1784-ல் இதை நூலாக வெளியிட்டார். அன்றைய பிரபல படிக அறிஞர் ரோமே டி லீல், இவரைப் படிகம் உடைப்பவர் என்று கேலி செய்தார். உடைக்காமல் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

பிறகு வந்தது பிரெஞ்சுப் புரட்சி. புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பாதிரியார்களில் அயூயியும் ஒருவர். 1792 ஆகஸ்டில் கைது. சிறைக்கே படிகப் பெட்டிகளை வரவழைத்து அடுக்கிக்கொண்டிருந்தாராம். அவருடைய மாணவர், 20 வயது ழோஃப்ருவா செயின்ட் இலேர், அலைந்து திரிந்து விடுதலை உத்தரவு வாங்கிவந்தார். நேரமாகிவிட்டது, காலையில் போகலாம் என்றாராம் அயூயி! வற்புறுத்தித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். சில வாரங்களில், செப்டம்பர் தொடக்கத்தில், அங்கிருந்த பாதிரியார்கள் பலர் கும்பலால் கொல்லப்பட்டனர்.

கல்லில் மூழ்கிக் கிடந்தவர் என்பதால் கோழை என்று நினைக்க வேண்டாம். வேதியியல் மேதை லவாய்சியர் கைதானபோது, அவரை விடுவிக்கக் கோரி எழுதியவர்களில் இவரும் உண்டு. அதுவும் தான் சிறைசென்று மீண்ட பிறகு. ஆனாலும் 1794-ல் லவாய்சியரின் தலை துண்டிக்கப்பட்டது.

நெப்போலியன் காலத்தில் மரியாதையும் பதவியும் தேடிவந்தன. ஆட்சி மாறியதும் ஓய்வூதியம் பறிபோனது. 1822-ல் அறையில் தவறி விழுந்து தொடை எலும்பு முறிந்து, அதிலிருந்து மீளாமல் இறந்தார். தம்பி வாலன்டினும் சாதாரண ஆளில்லை. பார்வையற்றோருக்காக அவர் பாரிஸில் தொடங்கிய பள்ளியில்தான் லூயி பிரெய்ல் படித்தார்.

கட்டிகள் என்று அயூயி நினைத்தவை அணுக்களின் சீரான வரிசைகள் என்பது 1912-ல் எக்ஸ்ரே மூலம் உறுதியானது. நைக்காவில் அந்த வரிசைகள், சுமார் 58 டிகிரி வெந்நீரில், பல லட்சம் ஆண்டுகள் தடையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பது நின்றதால், குகை இப்போது மீண்டும் நீருக்குள்.