மார்கரெட் பிரஸ்டன்: சாதாரண வீட்டுச் சுவருக்காக மரத்தைச் செதுக்கியவர்

ஆஸ்திரேலியாவில் 20ஆம் நூற்றாண்டு அச்சோவியங்களைத் தேடிச் சேகரிப்பவர்களிடம் பேசினால், முதலில் வரும் பெயர்களில் ஒன்று மார்கரெட் பிரஸ்டன். ஜாடியில் பூங்கொத்து, சிட்னி துறைமுகம், தடித்த கறுப்புக் கோடுகள், அதற்குள் பளிச்சென்று சிவப்பும் மஞ்சளும். பல படங்கள் கையில் பிடித்துப் பார்க்கும் அளவுதான். பெரிய பணம் இல்லாதவர்களும் வாங்கி மாட்டட்டும்னு அவர் செய்த இந்தப் படங்கள், இன்று அருங்காட்சியகங்களில் வெளிச்சம் குறைத்த அறைகளில் பாதுகாக்கப்படுகின்றன.

அது மட்டுமல்ல. இந்தப் படங்களில் சிலவற்றின் வடிவங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இன்னும் ஓயவில்லை.

யார் இவர்?

1875இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அடிலெய்டில் பிறந்தவர். இயற்பெயர் மார்கரெட் ரோஸ் மெக்பெர்சன். மெல்பர்னில் ஓவியம் படித்தார். அப்பாவின் நோயால் படிப்பு இடையில் நின்றது. அப்பா இறந்த பிறகு திரும்பிப் போய்த் தொடர்ந்தார். பின்பு அடிலெய்டில் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார். 1904இல் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறி, மியூனிக், பாரிஸ் என்று சுற்றி 1907இல் ஊர் திரும்பினார்.

1912இல் மறுபடியும் கிளம்பினார். இந்த இரண்டாவது பயணம்தான் அவரை மாற்றியது. பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் ஜப்பானிய அச்சுப் படங்களை உட்கார்ந்து படித்தார். நிழல் போட்டு உருண்டையாகக் காட்டாமல், தட்டையான வண்ணத்தையும் கோட்டையும் வைத்தே ஒரு படத்தை நிறுத்த முடியும் என்பதை அங்கே பிடித்துக்கொண்டார். முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், போர் அதிர்ச்சியில் மனம் உடைந்த சிப்பாய்களுக்குத் தோழி கிளாடிஸ் ரெனலுடன் சேர்ந்து மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுத்தார். கைவேலை என்றால் ஓவியத்துக்கு ஒரு படி கீழே என்ற எண்ணம் அவரிடம் கடைசிவரை இருந்ததில்லை.

1919 டிசம்பர் 31 அன்று வில்லியம் பிரஸ்டனைத் திருமணம் செய்துகொண்டார். அப்போது வயது 44. இருவரும் சிட்னியில் மோஸ்மன் பகுதியில் குடியேறினார்கள். கணவர் வியாபாரத் துறையில் இருந்தவர், வருமானத்துக்குப் பிரச்சினை இல்லை. விற்குமா விற்காதா என்ற கவலை இல்லாமல் சோதனை செய்ய முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். திறமையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

அச்சோவியம்னா என்ன, ஜெராக்ஸா?

இல்லை. மரக்கட்டையில் படத்தைத் தலைகீழாக, அதாவது இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். வெள்ளையாக வர வேண்டிய இடத்தை எல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, மேடாக நிற்கும் கோட்டின் மேல் மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுத்தால் கறுப்புக் கோட்டுப் படம் கிடைக்கும். ஒரே கட்டையிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ஒவ்வொன்றும் கலைஞர் கையால் எடுத்ததால் ஒவ்வொன்றும் அசல்தான். எண்ணெய் வண்ண ஓவியத்தைவிட விலை குறைவாக இருந்ததற்கும் இதுதான் காரணம்.

பிரஸ்டன் இதோடு நிற்கவில்லை. அச்சான கோட்டுப் படத்தின் மேல் தூரிகை எடுத்துக் கையாலேயே வண்ணம் தீட்டினார். அதனால் ஒரே கட்டையில் பிறந்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் பூ கொஞ்சம் அடர் சிவப்பாக, இன்னொன்றில் வெளிறி இருக்கும். சேகரிப்பவர்களுக்கு இவர் மேல் இருக்கும் பைத்தியத்துக்குப் பாதிக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

1925இல் சிட்னியில் தியா ப்ராக்டர் என்ற இன்னொரு ஓவியருடன் சேர்ந்து கண்காட்சி வைத்தார். படங்களுக்குச் சிவப்பு அரக்குச் சட்டங்கள். வீட்டு அலங்காரப் பொருள் போல, நேரே எடுத்துப் போய் மாட்டும்படி. இங்கிலாந்து ரோஜாவை விட்டுவிட்டு பாங்க்ஸியா, வாரட்டா, யூக்கலிப்டஸ் என்று அந்த மண்ணின் பூக்களையே திரும்பத் திரும்பச் செதுக்கினார். பூ வரைவது பெண்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட காலம் அது. அதே பூவை வைத்துத்தான் அவர் நவீன ஓவியத்தை வீட்டு வரவேற்பறைக்குள் நுழைத்தார். சிட்னி யூர் ஸ்மித் நடத்திய ‘ஆர்ட் இன் ஆஸ்திரேலியா’, ‘தி ஹோம்’ இதழ்களில் படமும் கட்டுரையும் தொடர்ந்து வந்தன.

1929இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஓவியக் கூடம் அவரிடம் சுயஉருவப்படம் கேட்டது. அந்தக் கூடம் இப்படிக் கேட்ட முதல் பெண் ஓவியர் இவர்தான். மறு வருடம் வரைந்து கொடுத்தார். அலங்காரம் எதுவும் இல்லாமல், கறாரான முகத்துடன் நிற்கிறார்.

சர்ச்சை எங்கே?

ஆஸ்திரேலியாவுக்கென்று தனியாக ஒரு கலை வேண்டும், ஐரோப்பாவை நகலெடுத்தது போதும் என்பது பிரஸ்டனின் வாதம். அந்தக் கலைக்கு அடித்தளம் பூர்வகுடி மக்களின் வடிவங்களில் இருக்கிறது என்று 1925இலேயே எழுதினார். அருங்காட்சியகத்தில் தூங்கும் ஆராய்ச்சிப் பொருளாக மட்டுமே அவற்றை வெள்ளையர்கள் பார்த்த நாளில், இது கலை என்று சொன்னது பெரிய விஷயம்.

ஆனால் அடுத்து அவர் செய்ததுதான் சிக்கல். கேடயங்களில் இருந்த கோடுகளை எடுத்து மெத்தை உறைக்கும் திரைச்சீலைக்கும் பயன்படுத்தலாம் என்று வீட்டுப் பெண்களுக்கு வழி சொன்னார். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கும் கதையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். அந்தச் சமூகங்களில் பல வடிவங்கள் குறிப்பிட்ட குடும்பத்துக்கு, குறிப்பிட்ட நிலத்துக்கு, குறிப்பிட்ட சடங்குக்கு உரியவை. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வரைந்தவர் பெயரும் இல்லை.

1932 முதல் 1939 வரை சிட்னிக்கு வடக்கே பெரௌராவின் காட்டுப் பகுதியில் வாழ்ந்தார். பின்பு வடக்குப் பிரதேசம் வரை பயணம் செய்து பாறை ஓவியங்களை நேரில் பார்த்தார். பார்வை ஆழமானது உண்மை. எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. நல்ல எண்ணம் இருந்ததே என்று இதை மன்னித்துவிடுவது சுலபம். அந்த வடிவங்களுக்கு உரியவர்களின் பார்வையில் அது அவ்வளவு சுலபமில்லை. 1990களில் பூர்வகுடி வழிவந்த ஓவியர் கோர்டன் பென்னட், ‘ஹோம் டெகோர்’ என்ற வரிசையில் பிரஸ்டனின் உருவங்களையே எடுத்துத் தன் படங்களுக்குள் வைத்தார். நீங்கள் எங்களிடமிருந்து எடுத்தீர்கள், நான் உங்களிடமிருந்து எடுக்கிறேன் என்பது போன்ற பதில் அது.

71 வயதிலும் புது வித்தை

பல கலைஞர்கள் ஒரு பாணியில் பெயர் வாங்கியதும் அதிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். இவர் 1946இல் மோனோடைப் செய்தார். பலகையில் வரைந்து தாளில் எடுப்பது, ஒரே ஒரு நல்ல பிரதிதான் வரும். 1950களில் ஸ்டென்சில். கோலமாவு அச்சுத்தட்டு போல, வெட்டிய ஓட்டை வழியாக வண்ணம் இறக்குவது. 1952இல் செய்த ‘தி எக்ஸ்பல்ஷன்’ படத்தில் ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் ஆதாமும் ஏவாளும் கறுப்பர்கள். துரத்தும் தேவதூதர் வெள்ளையர். சொந்த நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டது யார் என்பது பார்ப்பவருக்குப் புரியாமல் போகாது. மெத்தை உறைக்குக் கேடயக் கோடு சொன்ன அதே ஆள்தான் இதையும் செய்தார்.

1963 மே மாதம் மோஸ்மனில் இறந்தார். மொத்தம் 400க்கும் மேற்பட்ட அச்சோவியங்கள். தேடித் தொகுத்த பட்டியலை ரோஜர் பட்லர் 1987இல் நூலாகக் கொண்டுவந்த பிறகுதான் எது எத்தனை பிரதி, எது எந்த வருடம் என்று சேகரிப்பவர்கள் சரிபார்க்க முடிந்தது.

சேகரிப்பவர் எதைப் பார்ப்பார்?

முதலில் படத்துக்குக் கீழே பென்சில் கையெழுத்து. பக்கத்தில் 12/50 என்று இருந்தால், திட்டமிட்ட 50 பிரதிகளில் இது 12ஆவது. அடுத்து பூதக்கண்ணாடி. பழைய இதழில் அச்சான நகலாக இருந்தால் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். அசலில் மை அழுந்திய கோடும், தூரிகை போன தடமும் தெரியும். பிறகு தாள். மட்டமான அட்டையில் ஒட்டியிருந்தால் அமிலம் ஏறிப் பழுப்பாகியிருக்கும். வெயில் படும் சுவரில் வருடக்கணக்கில் தொங்கியிருந்தால் சிவப்பு வெளுத்திருக்கும்.

பூர்வகுடி வடிவம் உள்ள படமாக இருந்தால், அது எந்தச் சமூகத்திலிருந்து வந்தது என்ற கேள்வியும் இப்போது இந்தப் பட்டியலில் சேர்ந்துகொள்கிறது. பென்சில் கையெழுத்தில் அதற்குப் பதில் இருக்காது.